புதுப்பிப்பு: தூத்துக்குடியில் இருக்கும் மகளைப் பார்க்க உத்தரவு கிடைத்தது

மனைவியும் நானும் பிரிந்துவிட்டோம், 7 வயது மகளைப் பார்க்க முடியவில்லை, எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருந்தேன். நான் மீனவன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் கோர்ட்டில்தான் மனு போடணும் என்றார் ஒரு அண்ணன். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கணும் என்பதற்கான 1890-ஆம் வருட காப்பாளர் சட்டம், 9-ஆவது பிரிவு. எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். அதனால் ராமநாதபுரத்தை விட்டுவிட்டு தூத்துக்குடியிலேயே போட்டோம். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள் என்று ஒரு அக்கா சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. வீடியோ காலும் கேட்டோம். பிரிந்திருக்கும் பெற்றோர் பிள்ளையோடு போனில் பேச வழி செய்யணும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் எடுத்துக்காட்டினார். வாரம் மூன்று நாள் பேசலாம் என்று உத்தரவானது.

எதிர்பாராதது: மகளை நேரில் பார்க்கும் நாளை முதலில் சனிக்கிழமை என்று போட்டுவிட்டார்கள். அன்று படகு கடலுக்குப் போகும் நாள். கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் டோக்கனைக் காட்டி ஞாயிறாக மாற்றினோம். மீனவர்கள் இதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

நீதிபதி மகளைத் தனியாக அழைத்துப் பேசியதும் நான் நினைக்காதது. பயந்துகொண்டே வெளியே நின்றேன்.

முதல் ஞாயிறு, பாட்டி முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். கால் மணி நேரம் கழித்து வந்து, என் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைத் தடவி, "இன்னும் ஆறலையாப்பா?" என்றாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதில்தான் வரும். அப்போது பத்து நாள் என்னோடு இருக்க மனு போட்டிருக்கிறோம்.