வடக்கே ஓடும் லாரிக்கு நிலையான ஓட்டுநர் அமைவது எப்படி?

கேள்வி: நாமக்கல், மூன்று லாரிகளின் உரிமையாளர்

அனைவருக்கும் வணக்கம். அப்பா ஒரே லாரியில் தொடங்கிய தொழிலை இப்போது மூன்று லாரிகளோடு நான் நடத்தி வருகிறேன். இரண்டு பன்னிரண்டு சக்கர லாரிகள் நாக்பூர், இந்தூர் தடத்தில் ஓடுகின்றன. பத்துச் சக்கர லாரி ஒன்று கேரளத்துக்குக் கோழித்தீவனம் ஏற்றிச் செல்கிறது. சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் கடந்த எட்டு மாதங்களில் வடக்கே போகும் ஒரு வண்டிக்கு மட்டும் ஐந்து ஓட்டுநர்கள் மாறிவிட்டார்கள். இருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கே வரவில்லை. கடைசியாக வந்தவர், இறக்குமிடத்தில் நான்கு நாள் காத்திருந்து சரக்கை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கல்லாவில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். நானே மாற்று ஓட்டுநரோடு போய் வண்டியை எடுத்து வந்தேன். ஒவ்வொரு நடையிலும் டீசல் கணக்கு வேறு உதைக்கிறது. நம்பிக்கையான ஓட்டுநரை எங்கே தேடுவது, சேர்க்கும் முன் எதைச் சரிபார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: சங்ககிரி, 26 ஆண்டுகளாக லாரித் தொழிலில் இருப்பவர்

தம்பி, நீங்கள் எழுதியதில் அந்த நான்கு நாள் காத்திருப்பில்தான் என் கண் நின்றது. அந்த நாள்களுக்கு அவருக்குப் படி கொடுத்தீர்களா? டீசல், படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்ப்பாய் கட்டும் கூலி, வழிச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். நடை எட்டு நாளில் முடியும் என்று போட்ட கணக்கு பன்னிரண்டு நாளாக நீளும்போது, ஓட்டுநர் முதலில் தன் பணத்தில் சாப்பிடுகிறார், பிறகு டேங்கில் கை வைக்கிறார். திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் என் வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்தியும் நிற்காத டீசல் குறைவு, காத்திருக்கும் நாளுக்குத் தனிப்படி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நின்றது.

மைலேஜை வாய்க்கணக்காகப் பேசாதீர்கள். புதிய ஓட்டுநரோடு முதல் நடைக்கு நீங்களே கூடப் போங்கள். புறப்படும்போதும் திரும்பியதும் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிப் பாருங்கள். முழுச் சுமையோடு தொப்பூர் கணவாய் ஏறும் வண்டியும், காலியாகச் சமவெளியில் வரும் வண்டியும் ஒரே மைலேஜ் கொடுக்காது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஆள் தேட, உங்களிடம் நிலைத்திருக்கும் ஓட்டுநரைக் கேட்பதே முதல் வழி; அடுத்து டயர் கடை, பட்டறை. வருபவர் கடைசியாக வேலை பார்த்த இரண்டு உரிமையாளர்களை அழைத்து, அவர் வண்டியை எந்த நிலையில் ஒப்படைத்துவிட்டு விலகினார் என்று மட்டும் கேளுங்கள். பெரிய முன்பணத்தை மூன்று மாதம் ஓட்டிய பிறகு கொடுங்கள். கிளீனராக வந்து தொழில் கற்ற பையன்கள்தான் என்னிடம் நெடுங்காலம் இருந்தார்கள். இப்போது கிளீனருக்கே ஆள் கிடைப்பதில்லை என்பது வேறு வருத்தம். கிடைத்தால் விடாதீர்கள்; 20 வயது நிரம்பி, இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆனவர் கனரக உரிமத்துக்குப் பழகுநர் உரிமம் எடுக்கலாம்.

பதில்: இராசிபுரம், லாரி ஓட்டுநர்

நான் 19 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் ஒரே உரிமையாளரிடம். நீங்கள் எங்களை விசாரிப்பதுபோல நாங்களும் உரிமையாளரை விசாரிக்கிறோம். வெளி மாநிலத்தில் விபத்து நடந்து காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டால், மொழி தெரியாத ஊரில் ஜாமீனுக்கு இவர் வருவாரா, தொலைபேசியை அணைத்துவிடுவாரா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. அடுத்தது அதிக எடை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஏற்றச் சொன்னவர் ஒருவர், பிடிபட்டு நிற்பவர் இன்னொருவர் என்றால் யார் தங்குவார்? என் உரிமையாளர் எடைச்சீட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார். இரண்டு நடைக்கு ஒருமுறை நான்கு நாள் வீட்டில் இருப்பேன்; ஊர்ப் பண்டிகைக்கு எந்த லோடு வந்தாலும் என்னை அழைக்கமாட்டார். வேறு இடத்தில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் நான் போகாததற்குக் காரணம் இதுதான்.

பதில்: சேலம், வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவில் பணியாற்றுபவர்

உரிமத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு அச்செடுத்து வையுங்கள். போக்குவரத்து வாகனம் ஓட்டும் தகுதி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது; காரோட்டும் தகுதி செல்லுபடியாக இருந்தும் இது காலாவதியாகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப்பட்டவர் விபத்துக்குள்ளானால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். உரிமத்தை உரிய அக்கறையோடு சோதித்தேன் என்று காட்டக்கூடிய உரிமையாளருக்கு 2004ஆம் ஆண்டில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு துணை நிற்கிறது. அந்த அச்சுப்பிரதியின் மதிப்பு அப்போது தெரியும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அந்த நான்கு நாளுக்கு நான் படி கொடுக்கவில்லை. லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் எனக்குக் காத்திருப்புத் தொகை தரவில்லை என்பதால் நானும் தராமல் விட்டேன். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது; பாக்கியை இன்றே அனுப்பிவிட்டுப் பேசுகிறேன். அந்தத் தொகையை புக்கிங் ஆபீஸில் எப்படிக் கேட்டு வாங்குகிறீர்கள்?

பதில்: சங்ககிரி

இறக்கிய பிறகு கேட்டால் கிடைக்காது, தம்பி. எத்தனை நாளுக்கு மேல் நின்றால் நாளுக்கு எவ்வளவு என்பதை, ஏற்றுவதற்கு முன்பே சரக்குச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வண்டி இறக்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியையும் நேரத்தையும் போட்டு, அங்கே இருப்பவரிடம் கையெழுத்து வாங்கும்படி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புங்கள்.