புதிய மெட்ரோ வழித்தடம்: சொந்த வீடு இல்லாதவர்கள் யாரிடம், எப்போது பேச வேண்டும்?

ஆடுகோடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் சர்ஜாபுரத்திலிருந்து ஹெப்பாள் வரை ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோ வழித்தடத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்த நாள் முதல் எங்கள் தெருவில் வதந்திக்குக் குறைவில்லை. நிலையம் இந்தப் பக்கம் வரும் என்கிறார் ஒருவர். டெய்ரி சர்க்கிளோடு சரி என்கிறார் இன்னொருவர். வரைபடத்தைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. நான் இருப்பது லீஸ் வீடு. என்னைப் போல மொத்தத் தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. உரிமையாளர்களுக்காவது ஒரு சங்கம் இருக்கிறது. எங்களை எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லை. சட்டப்படி எந்தக் கட்டத்தில் மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும், நிலம் இல்லாதவர்களின் சொல்லுக்கு அங்கே இடம் உண்டா என்பதே என் கேள்வி. பணியைத் தடுப்பது எங்கள் நோக்கம் அன்று; ரயில் வந்தால் முதலில் ஏறப்போகிறவர்கள் நாங்கள்தான்.

பானஸ்வாடி பொறியாளர்:

சட்டம் கட்டாயமாக்கும் கட்டம் மிகவும் தாமதமாகத்தான் வருகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் உள்ளன. மெட்ரோ வழித்தடம் தனி இனமாக இல்லை. எனவே நெடுஞ்சாலைக்கு நடப்பது போன்ற பொது விசாரணை இதற்கு நடப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் அதற்கான பொது விசாரணையையும் கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனால் பெங்களூரு மெட்ரோவுக்கான நிலம் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டுச் சட்டத்தின் வழியாக எடுக்கப்படுவதால் அந்த வாசலும் அடைபட்டுப் போகிறது.

அந்த 1966 சட்டத்திலேயே உங்களுக்குப் பயன்படும் ஒரு வரி இருக்கிறது. 28(1) பிரிவின்படி முதல்நிலை அறிவிக்கை வெளியானதும், 28(2) பிரிவின்படி உரிமையாளருக்கும், உரிமையாளர் அங்கே குடியிருக்காவிட்டால் குடியிருப்பவருக்கும், நிலத்தில் தொடர்புள்ளவர்களாகத் தெரிபவர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து, அது கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும். அதன் பின் நேரில் கேட்டுவிட்டுத்தான் அரசு முடிவெடுக்க வேண்டும். 28(4)இன்படி இறுதி அறிவிப்பு வெளியாகிவிட்டால் இழப்பீட்டைப் பற்றிப் பேசலாமே தவிர வழித்தடத்தைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது. குடியிருப்பவர் என்ற சொல்லில் நீங்களும் அடக்கம். நடைமுறையில் கடிதம் உரிமையாளரின் முகவரிக்குப் போய்விடும் என்பதால், லீஸ்தாரர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்து ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது.

இருந்தாலும் மாற்றத்துக்கு உண்மையில் இடம் இருப்பது இதற்கெல்லாம் முன்னால், விரிவான திட்ட அறிக்கை எழுதப்படும் காலத்தில்தான். மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கை, நகரத்தின் ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டத்தையும் மாற்று வழிமுறைகளின் ஒப்பீட்டையும் கேட்கிறது. அந்த ஒப்பீட்டின் பக்கங்களைத்தான் மக்கள் வாங்கிப் படிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும். பாதை நிலத்தடியில் போகும் இடங்களில் நிலையம் அமையும் குழியின் எல்லை, காற்றுப்போக்கிக் கோபுரங்களின் இடம், சுரங்கம் தோண்டும் முன் கட்டடங்களின் விரிசல்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் ஆய்வு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக “திட்டத்தின் விவரம்” என்று கேட்டால் விளம்பரத் துண்டறிக்கைதான் கைக்கு வரும்.

மாமன்ற உறுப்பினரிடம் போகலாமே என்று யாராவது சொன்னால், 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் இந்நகருக்குத் தேர்தலே நடக்கவில்லை என்பதை நினைவூட்டுங்கள். இவ்வளவு பெரிய கட்டுமானங்கள் திட்டமிடப்பட்ட காலத்தில் வார்டு அளவில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அது வேறு விவாதம்.

சங்கச் செயலாளர், கம்மனஹள்ளி:

பொறியாளர் ஐயா சொன்ன சட்ட விவரங்களோடு, எதைக் கேட்பது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். வழித்தடத்தையே மாற்றக் கோரும் மனுக்கள் பெரும்பாலும் மூலையில் போய்ச் சேருகின்றன. நிலையத்தின் வாயில் சாலையின் இரு பக்கமும் இருக்குமா, மின்தூக்கி எந்த வாயிலில் வரும், பேருந்து நிறுத்தம் வாயிலிலிருந்து எத்தனை அடி தொலைவு, கட்டுமானத்துக்காகச் சாலையை அடைக்கும் ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகள் எந்த வழியே நடப்பார்கள் என்பவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் வாயில் தவறான பக்கத்தில் அமைந்துவிட்டால், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அடுத்த 50 ஆண்டுகளுக்கு நான்கு தடச் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருப்பார்கள்.

கூட்டம் கூட்டும்போது பூக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, 30 நாள் அறிவிப்பு இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. தெருவோர வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அவர்களுக்கே. நிலம் இல்லாதவர்களில் சட்டத்தின் துணை ஓரளவு தெளிவாக உள்ளவர்கள் அவர்கள்தான். மரங்களுக்கும் ஒரு வழி உண்டு. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதானால் மர அதிகாரி பொது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். ஒரே வழித்தடத்தின் மரங்கள் சிறு சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு விண்ணப்பிக்கப்படுகின்றனவா என்று கவனியுங்கள்.

இன்னொன்று: திட்டத்துக்குக் கடன் கொடுப்பது யார் என்று பாருங்கள். காளேன அக்ரஹாரம்–நாகவாரா வழித்தடத்துக்கு ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் கொடுத்திருந்தது. வெல்லாரா சந்திப்பு நிலையத்துக்காகத் தங்கள் வளாக நிலமும் மரங்களும் போவதை எதிர்த்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தார் அந்த வங்கியின் முறையீட்டுப் பிரிவு வரை போனார்கள். உள்ளூர்ச் சட்டம் கேட்காத கலந்தாய்வைக் கடன் ஒப்பந்தம் கேட்கும் என்பதைப் பெங்களூரு அப்போதுதான் கவனித்தது.

மாற்றுக்கருத்து:

இருவரும் சொன்னது பயனுள்ளதே. ஆனால் மெட்ரோதான் வேண்டும் என்று முடிவான பிறகு வாயில் எந்தப் பக்கம் என்று கேட்பதை மக்கள் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990களில் இந்நகரத்துக்கு முதலில் பேசப்பட்டது உயரத்தில் செல்லும் இலகு ரயில்தான், அதாவது மெட்ரோவைவிடக் குறைவான பயணிகளை ஏற்றும் சிறிய ரயில். அது கைவிடப்பட்டதும் பிறகு மெட்ரோ வந்ததும் அலுவலக அறைகளில் நடந்து முடிந்தன. 2019இல் மத்திய அரசு மெட்ரோலைட் என்ற பெயரில் இலகு ரயிலுக்குத் தரநிலைகளை வெளியிட்டது. மணிக்கு ஒரு திசையில் 15,000 பயணிகள் வரையுள்ள தடங்களுக்கானது அது. எந்தத் தெருவுக்கு எது போதும் என்று இங்கே யாரும் மக்களைக் கேட்டதில்லை.

பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் 1983இல் டிராம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பே நடந்தது; ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் வடிவமைப்புக் கட்டத்திலேயே வலியுறுத்தியதால், 1987இல் ஓடத் தொடங்கிய வண்டிகள் சக்கர நாற்காலி நேரே ஏறும்படி தாழ்தளத்தோடு அமைந்தன. பெட்டியின் அமைப்பையே மக்கள் மாற்றினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெங்களூரும் அப்படி ஒருமுறை பேசியது: பசவேஸ்வரா சர்க்கிள்–ஹெப்பாள் எஃகு மேம்பாலத்தை எதிர்த்து 2016 அக்டோபரில் மனிதச் சங்கிலி நின்றது, 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அது வேண்டாம் என்று சொல்லக் கிடைத்த வெற்றி. எது வேண்டும் என்று சொல்ல இன்னும் மேடை இல்லை.

ஆடுகோடிவாசி:

மூவருக்கும் நன்றி. மாற்றுக்கருத்து சொன்னவரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் எங்கள் தெருவின் பயம் அதைவிடச் சின்னது. வீடு எடுக்கப்பட்டால் இழப்பீடு உரிமையாளரிடம் போய்விடும். எங்கள் லீஸ் தொகையை அவர் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது? ஒப்பந்தங்கள் பலவும் பதிவு செய்யப்படாதவை.

பானஸ்வாடி பொறியாளர்:

பதிவு செய்யாத ஒப்பந்தம் பலவீனமானதுதான், ஆனால் அது ஒன்றும் இல்லாததாகிவிடாது. தொகை வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த வங்கிக் கணக்கு அறிக்கையையும், ஒப்பந்த நகல், எரிவாயு இணைப்பு, வாக்காளர் அட்டை ஆகியவற்றையும் ஒன்றாக வையுங்கள். ஆட்சேபக் கடிதம் எழுதும்போது, நிலத்தில் தொடர்புள்ளவர் என்ற முறையில் உங்கள் லீஸ் தொகையைக் குறிப்பிட்டு, இழப்பீடு வழங்கும் முன் உங்களையும் கேட்க வேண்டும் என்று கோருங்கள். தெருவில் உள்ள எல்லா லீஸ் குடும்பங்களும் தனித்தனியாக, ஒரே வாசகத்தில் எழுதுங்கள். கூட்டு மனு ஒரே கோப்பாகிவிடும், தனி மனு ஒவ்வொன்றுக்கும் பதில் தர வேண்டியிருக்கும். ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற நிறுவனம் கடன் கொடுப்பதானால், அதன் பாதுகாப்புக் கொள்கை நில உரிமை இல்லாதவர்களையும் பாதிக்கப்பட்டோர் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். வாசகத்தைக் கன்னடத்தில் எழுதித் தர ஆள் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.