மறு: ஹைட்ரோஜெல்: நீர்க்கூழா, நீர்க்களியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரை உறிஞ்சிப் பருத்து நிற்கும் பொருள் ஹைட்ரோஜெல்; புண்ணில் வைத்துக் கட்டவும் பயன்படுகிறது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில், ‘நீர்க்கூழ்’ என்ற சொல்லுக்கு என் ஓட்டு கிடையாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் சேலத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கூழ் என்றால் சொம்பில் வாங்கிக் குடிப்பது. போதாததற்குக் ‘கூழ்மம்’ ஏற்கெனவே பாடநூல்களில் வேறொன்றுக்கு, அதாவது கொலாய்டுக்கு (colloid), பெயராகிவிட்டது.

ஹைட்ரோஜெல் ஒழுகாது. தன் எடைக்குப் பல மடங்கு நீரை வாங்கிய பிறகும் உருக்குலையாமல் நிற்கும். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி மாவில் உருட்டும் ஜவ்வரிசியை வேகவைத்துப் பாருங்கள்: மணி பருத்துக் கண்ணாடி போலாகும், உருண்டை அப்படியே இருக்கும். அதற்கு மேலும் வேகவிட்டால் கரைந்து கஞ்சிதான். ஹைட்ரோஜெல் அப்படிக் கரையாமலிருக்க, அதிலுள்ள பலபடிச் (பாலிமர்) சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். பிறகு அது பருக்குமே தவிரக் கரையாது. ஆகவே ‘நீர்க்களி’ என்கிறேன். களி கையில் நிற்கும்.

நம் மாவுச்சத்தின் உறவு இதோடு முடியவில்லை. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்த நுண்துளைப் பொடியை அறுவை மருத்துவர்கள் இரத்தக் கசிவின் மேல் தூவுகிறார்கள். பொடி நீரை உறிஞ்சிக்கொள்ள, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் நெருங்கி இரத்தம் விரைவில் உறைகிறது.

> நண்பர் ஒருவர் கேட்டது: ஐயா, ‘களிம்பு’ என்று குழம்பிவிட மாட்டார்களா? அதோடு, களி என்றாலே சிறைச்சாலை நினைவுதான் வருகிறது.

சிறைக்கு வெளியேதான் அதிகம் பேர் களி தின்கிறார்கள். எங்கள் வீட்டில் வாரம் இருமுறை கேழ்வரகுக் களி. களிம்பைப் பூசுவோம், நீர்க்களியை வைத்துக் கட்டுவோம். வினைச்சொல்லே பிரித்துக் காட்டிவிடும்.

எனக்கு இடறுவது வேறு இடம். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் புண்ணில் வைத்துக் கட்டும் பொருள்தான்; ஆனால் கட்டும்போது உலர்ந்த பஞ்சு போல இருக்கிறது. புண்ணில் கசியும் நீரிலுள்ள சோடியம், இழையிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்ததும்தான் அது களியாகிறது. கசிவு மிகுந்த புண்ணுக்கு இது; வறண்ட புண்ணுக்கு முதலிலேயே நீர் ஏந்திய நீர்க்களிப் பட்டை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் செவிலியர் மாற்றி வைத்துவிடுவார். முன்னதைக் ‘களியாகும் இழை’ என்று தனியே சொல்லலாம்.

அந்த மாற்றத்துக்குக் ‘களியாதல்’ போதும். சுருக்குகிறேன் என்று யாரும் ‘களித்தல்’ ஆக்கிவிடாதீர்கள்; புண்ணில் வைத்ததும் ஆல்ஜினேட் மகிழ்ந்தது என்று படிப்பார்கள்.