டன்னல் கனெக்டட்னு காட்டுது, டெஸ்க்டாப் மட்டும் டொமைன்ல சேரல: கோத்தகிரி அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு நெட்வொர்க் பாக்குறேன். விவசாயிங்க கொண்டாந்து போடுற பச்சை இலை கணக்கு, மாசப் பட்டுவாடா எல்லாம் ஃபேக்டரி ஆபீஸ் சர்வர்லதான் இருக்கு. ஐப்பசி மழையில மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா கணக்கு பாக்குற புள்ளைங்க மேல வர முடியாது, பட்டுவாடா தள்ளிப் போயிடும், அந்தக் காசை நம்பி எத்தனை வீட்ல அடுப்பு எரியுது, அதனாலதான் அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல ஓடுற கம்ப்யூட்டர், எங்கிருந்தும் திறக்கலாம்) போட்டு கோயம்புத்தூர்ல இருந்தே வேலை பாக்கட்டும்னு இறங்குனேன்.

ஆபீஸையும் கிளவுடையும் இன்டர்நெட் வழியா தனியா இணைக்குற பாதைதான் விபிஎன் டன்னல். ஆபீஸ்ல ஐபி அட்ரஸ் 192.168.1-ல ஆரம்பிக்குது, கிளவுட்ல 10.20 எடுத்தேன், ரெண்டும் ஒரே ரேஞ்சா இருந்தா டிராஃபிக் டன்னல் பக்கமே வராது. டன்னலோட கிளவுட் பக்கத்து முனையான விபிஎன் கேட்வே உருவாகவே முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஃபயர்வால்ல டன்னலுக்கு வேணுங்குற யூடிபி போர்ட் 500, 4500 திறந்தேன், டன்னல் கனெக்டட், சர்வர் ஐபிக்கு பிங் அடிச்சா பதில் வருது. கிளவுட் டெஸ்க்டாப்பை டொமைன்ல (ஆபீஸ் லாகினை எல்லாம் ஒரே இடத்துல நிர்வகிக்குற அமைப்பு) சேக்கப் போனா மட்டும் அதை நடத்துற சர்வரான டொமைன் கன்ட்ரோலரே கிடைக்கலங்குது.

ரெண்டு நாள் ஃபயர்வால் ரூலையே நோண்டிட்டு இருந்தேன், டொமைனுக்கு வேணுங்குற போர்ட் 88, 389, 445 எல்லாம் திறந்துதான் இருக்கு, லாக்ல ஒரு வரி கூட விழல. வெளிய மூடுபனி, டார்ச் அடிச்சு ரேக்கைப் பாத்துட்டு நிக்கும்போதுதான் உறைச்சுது, பாக்கெட்டே வரலன்னா தடுக்க என்ன இருக்கு. டெஸ்க்டாப்ல டொமைன் பேரைக் குடுத்து ஐபி தேடுற என்எஸ்லுக்கப் கமாண்ட் அடிச்சேன். பதில் சொன்ன அட்ரஸ் 168.63.129.16, அது அஷூரோட சொந்த டிஎன்எஸ் (பேருக்கு ஐபி சொல்ற சர்வர்), நம்ம ஆபீஸ் டொமைன் பேரு அதுக்கு எப்படித் தெரியும்? வர்ச்சுவல் நெட்வொர்க்ல டிஎன்எஸ்ஸ கஸ்டம்னு மாத்தி டொமைன் கன்ட்ரோலர் ஐபியைக் குடுத்து மெஷினை ரீஸ்டார்ட் பண்ணேன், உடனே சேந்துடுச்சு.

ஆனா இதோட விட்டுடாதீங்க. மண்ணு சரிஞ்சா ரோடு மட்டுமா போகும், ஃபைபரும் சேந்துதான் போகும். டன்னல் விழுந்தா லாகினும் விழும். அதனால கிளவுட்லயே ரெண்டாவது டொமைன் கன்ட்ரோலர் வெச்சேன், ஆபீஸ்ல 4ஜி ரூட்டர்ல இன்னொரு டன்னலும் போட்டேன், இது ரெண்டும் இல்லாம மலையில இந்த வேலையை யாரும் ஆரம்பிக்கக் கூடாதுங்குறது என் கருத்து.

இதைப் படிச்சுட்டு கொடைக்கானல்ல இருந்து ஒரு தம்பி எழுதுனது:

அண்ணே, எங்க ஹோட்டல் ஆபீஸ்ல டிஎன்எஸ் சரியா இருந்துச்சு, லாகினும் ஆகுது, ஆனா புக்கிங் ரிப்போர்ட் திறந்தா பாதியில அப்படியே நின்னுரும். சின்ன ஃபைல் வரும், பெருசு வராது. லைன் பிபிபிஓஇ (யூசர்நேம் குடுத்து சேர்ற பிராட்பேண்ட்), அதுல எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 1492 பைட்தான், அதுக்கு மேல டன்னலோட ஐபிசெக் தலைப்பு வேற ஏறுதுல்ல. ரூட்டர்ல எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்ல டேட்டா மட்டும் எவ்வளவு போகலாம்ங்குற வரம்பு) 1350னு வெச்சேன், சரியாயிருச்சு. ஒரு வாரம் ரிசப்ஷன்ல பாவம் ராத்திரி கையால எழுதுனாங்க.

என் பதில்: தம்பி, அந்த 1350 நானும் இன்னைக்கே 4ஜி ரூட்டர்ல பாத்துடுறேன். அதுல பெரிய ஃபைல் எதையும் இன்னும் இழுத்துப் பாக்கவே இல்ல.