உதவி: பனியால் குடும்பப் படம் கெட்டுவிட்டது, நாளை காலைதான் கடைசி

சின்னப்பேத்தி (இரவு 8:10)
பாட்டிக்கு 80 நிறைந்ததற்காக எல்லோரும் ஊட்டியில் பெரியப்பா வீட்டில் கூடியிருக்கிறோம். இன்று காலை வாசல் புல்தரையில் நிற்க வைத்து நாற்பது படம் எடுத்தேன். பனியால் எல்லாம் கெட்டுவிட்டது. நாளை மதியம் கிளம்பிவிடுவார்கள். இத்தனை பேரும் பாட்டியோடு சேர்ந்து நிற்பது இனி எப்போது என்று தெரியாது. என்ன செட்டிங் வைக்கட்டும்? அவசரம்.

குன்னூர் லைன் (8:16)
என்ன கேமரா, என்ன லென்ஸ், எத்தனை பேர், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கெட்டுவிட்டது என்றால் இருட்டா, மங்கலா, ஆட்டமா? ஒரு படமாவது போடுங்கள்.

ஸ்வெட்டர் பை (8:21)
பேட்டரியாகத்தான் இருக்கும். குளிரில் லித்தியம் பேட்டரி மளமளவென்று இறங்கும். தொட்டபெட்டாவில் எனக்கு முழு சார்ஜ் அரை மணியில் காலி. இன்னொன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள். தீர்ந்ததையும் கொஞ்சம் சூடாக்கிப் போட்டால் இன்னும் சில படம் வரும்.

குன்னூர் லைன் (8:24)
நாற்பது படம் எடுத்திருக்கிறார். பேட்டரி போனதாக அவர் சொல்லவே இல்லையே.

பழைய நெகட்டிவ் (8:30)
தம்பி, முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகுங்கள். பனி என்றால் எந்தப் பனி? மூடுபனியா, நீர்ப்பனியா, உறைபனியா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உறைபனி என்றே வைத்துக்கொள்கிறேன். கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாகத்தான் காட்ட நினைக்கும். வெள்ளைப் புல் நிறைய இருந்தால் படம் இருட்டாகிவிடும். எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. பிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்த பையனுக்கே இது தெரியும்.

சின்னப்பேத்தி (8:52)
நான் தம்பி இல்லை சார். உறைபனிதான், புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் இருந்தது. 27 பேர், நான்கு வரிசை. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. காலை 7 மணி. முன்வரிசை பரவாயில்லை, பின்னால் நிற்கும் மாமாக்கள் முகம் கரைந்திருக்கிறது. எல்லோரும் நீலமாக இருக்கிறார்கள். நடுவில் பாட்டியை அழைத்துவர உள்ளே போனேன், அதற்குப் பிறகு எடுத்தவை புகை மூட்டம் மாதிரி. இங்கே நெட் மெதுவு, படம் ஏறவில்லை.

குன்னூர் லைன் (9:05)
இதைத்தான் கேட்டேன் தங்கச்சி. உங்களுக்கு மூன்று கோளாறு, எக்ஸ்போஷர் அதில் இல்லவே இல்லை. பெரியது எஃப் 1.8, அதாவது லென்ஸின் வாயை அகலமாகத் திறந்து வைத்தது. கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் 8 மீட்டர் தள்ளி நின்று முன்வரிசையில் போகஸ் வைத்தால், அதற்குப் பின்னால் சுமார் 1 மீட்டர்தான் தெளிவாக இருக்கும். உங்கள் நான்காம் வரிசை அதைத் தாண்டி நிற்கிறது. எஃப் 8 வைத்து வாயைச் சுருக்கி, இரண்டாம் வரிசையில் போகஸ் வையுங்கள், கடைசி மாமா வரை வந்துவிடுவார். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போக வேண்டாம், குளிரில் குழந்தைகள் நடுங்குவார்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800, 1600 ஏறினாலும் பரவாயில்லை.
நீலம், நிழலில் நின்றதால் வருவது. வெயில் படாத இடத்துக்கு வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு மாற்றுங்கள்.
உள்ளே கணப்பு போட்டிருந்தீர்களா?

சின்னப்பேத்தி (9:09)
ஆமாம், பாட்டிக்காக.

குன்னூர் லைன் (9:14)
அதுதான் புகை. குளிர்ந்த லென்ஸ் சூடான அறைக்குள் போனதும் அறையின் ஈரம் அதன்மேல் படிந்துவிடும். உள்ளே போவதானால் வெளியிலேயே கேமராவை பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்டிவிட்டுப் போங்கள். அல்லது வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

பழைய நெகட்டிவ் (9:20)
1 ஸ்டாப் கூட்டச் சொன்னதும் தவறில்லை.

தேயிலைக்காட்டு அக்கா (9:31)
படம் எடுப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது. 80 வயது அம்மாவை உறைபனியில் ஏழு மணிக்கு நிறுத்தாதீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன். எட்டரைக்கு மேல் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இந்த வாரம் பனி பலமாக விழுகிறது. நாங்கள் இளம் தேயிலையைத் தாகைச் செடி வெட்டி மூடி வைத்திருக்கிறோம்.

பழைய நெகட்டிவ் (9:36)
உறைபனி விழாது அம்மா. காற்றின் ஈரம் குளிர்ந்த தரையிலும் புல்லிலும் படிந்து உறைவது அது.

தேயிலைக்காட்டு அக்கா (9:40)
விழுகிறது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஒரே ராத்திரியில் கருகிய செடியைப் பார்த்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

கொடை ஏரிக்கரை (9:48)
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழக்கும், குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். எங்கள் ஏரிப் பக்கம் வெள்ளையாக இருக்கும்போது மேட்டுத் தெருவில் ஒன்றும் இருக்காது. அந்தக் குளிர் இறங்குவதைப் பார்த்தவர் விழுகிறது என்று சொன்னால் என்ன குறை?

பழைய நெகட்டிவ் (9:55)
தமிழில் படிகிறது என்ற சொல் எதற்கு இருக்கிறது?

சின்னப்பேத்தி (10:02)
எட்டரைக்குப் புல்லின் வெள்ளை கரைந்துவிடாதா? திருப்பூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது வேண்டுமாம்.

குன்னூர் லைன் (10:10)
வெயில் தொட்ட இடம்தான் முதலில் கரையும். வீட்டு நிழல் விழும் ஓரம் இன்னும் கொஞ்ச நேரம் வெள்ளையாக நிற்கும், அது பின்னால் தெரியும்படி ஆட்களை வெயிலில் நிறுத்துங்கள். அப்போது ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு மாற்ற மறக்க வேண்டாம். வெயில் பக்கவாட்டில் வரட்டும், நேரே முகத்தில் அடித்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். 27 பேரில் யாராவது இமைத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் ஒரே நிலையில் பத்துப் பதினைந்து எடுங்கள். பாட்டி கடைசியாக வந்து உட்காரட்டும்.

சின்னப்பேத்தி (மறுநாள் பகல் 12:40)
எடுத்துவிட்டேன். எஃப் 8. கடைசி வரிசை வரை தெளிவு. ஒரு படத்தில் 27 பேரும் கண் திறந்திருக்கிறார்கள், பாட்டி சிரிக்கிறார். எல்லோருக்கும் நன்றி. வண்டி நிற்கிறது, போகிறேன்.

தேயிலைக்காட்டு அக்கா (12:58)
கண் நிறைந்தது தங்கம். பாட்டிக்கு என் வணக்கம் சொல்.

குன்னூர் லைன் (1:15)
அந்த ஓரத்து வெள்ளை கிடைத்ததா?

ஸ்வெட்டர் பை (6:30)
பேட்டரி எத்தனை படம் தாங்கியது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.