காயம் சிற்பியுடையதா, காலத்தினுடையதா? திகில் உருவங்களை மதிப்பிட்ட அனுபவங்கள்

அலமாரிக் காவலன்:

திகில் ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது கைகால் அசையும் திகில் பாத்திரப் பொம்மைகளைச் சேகரிக்கும் நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் ஏமாந்த கதையோ தப்பித்த கதையோ ஒன்றாவது இருக்கும் என்பதால், என் கதையை முதலில் வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற மாதம், ஏழு அங்குல உயரமுள்ள ஓர் அழுகிய பிணத்தின் உருவத்தை, பெட்டி திறக்கப்படாத நிலையில், வேறொரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்கினேன். பெட்டியின் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னல் வழியாகப் பார்த்தபோது முகமும் மார்பும் ஈரம் பட்டதுபோல் மின்னின. சேற்றிலிருந்து எழுந்து வந்த பிணம் என்று காட்டுவதற்காகப் பளபளப்பான வார்னிஷ் பூசியிருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த நுணுக்கத்தை மனத்துக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும், மடித்து வைத்த மழைச்சட்டையைப் பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த நெடி மூக்கில் ஏறியது. மார்பில் வைத்த கட்டைவிரலை எடுத்தபோது மெல்லிய ‘சப்’ என்ற ஓசையோடு அது பிரிந்தது. விரல்ரேகை அப்படியே மார்பில் பதிந்திருந்தது. நான் பாராட்டிய ஈரம், பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த எண்ணெய்.

இத்தகைய உருவங்களை வார்க்கும் பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி செய்யக் கலக்கப்படும் பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்விப்பான், பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்ளாமல் அதனுள் வெறுமனே தங்கியிருக்கிறது. ஆண்டுகள் போகப்போக, அதிலும் வெப்பமான இடத்தில் வைத்தால், மெல்ல மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கிறது. பள்ளிநாட்களில் அழிரப்பரைப் பிளாஸ்டிக் ஸ்கேலோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு, விடுமுறை முடிந்து திறந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. காற்றோட்டம் இல்லாத மூடிய பெட்டிக்குள் கசிந்தது வெளியேற வழியின்றித் தேங்கிவிடுவதால், ‘திறக்கவே இல்லை’ என்ற பெருமையே இங்கு குறையாகிவிடுகிறது.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. ஒரு பொம்மைக் காரில் கீறல் இருந்தால் அது கீறல்தான். அதில் விவாதத்துக்கு இடமில்லை. நம்முடைய பொருளிலோ கிழிசலும் கறையும் துருவும் உடைந்த பல்லும் விலை கொடுத்து வாங்கும் அழகுகள். சிற்பி வைத்த சிதைவுக்குள் காலம் வைத்த சிதைவு ஒளிந்துகொள்கிறது. அதை நீங்கள் எப்படிப் பிரித்தறிந்தீர்கள், அல்லது அறியாமல் போனீர்கள் என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

பழம்பெட்டி:

நல்ல கேள்வி. என் அனுபவம் 1979ஆம் ஆண்டு கென்னர் பொம்மை நிறுவனம் வெளியிட்ட, ‘ஏலியன்’ திகில் படத்து வேற்றுலக அரக்கனின் 18 அங்குல உருவத்தோடு தொடர்புடையது. பெரியவர்களுக்கான படத்துக்குச் சிறுவர் பொம்மையா என்று பெற்றோர் முகம் சுளித்ததால் அன்று சரியாக விலைபோகாத அந்த உருவம், இன்று எங்கள் வட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு குலதெய்வம். தலையின் பின்புறத்து விசையை அழுத்தினால் உள்தாடை முன்னே நீளும். தலைக்கு மேல் கவிந்திருக்கும் ஒளிபுகும் மூடியும் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களும்தான் பெரும்பாலும் உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும்; ஆகவே மூடியோடு ஓர் உருவம் கிடைத்தால் மகிழ்ச்சிக்கு முன்பே ஐயம் வரவேண்டும்.

எனக்கு மகிழ்ச்சிதான் முதலில் வந்தது. விற்க வந்தவர் எல்லாம் அசல் என்று சத்தியம் செய்யாத குறை. மூடியில் இரண்டு கீறல்களும் சற்று மங்கலும் இருந்தன. பழையது என்பதற்கு அவற்றையே சான்றாகக் காட்டினார். மூடியைக் கழற்றி, அதன் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தேன். விளிம்பில் தடிமனாக இருந்த பிளாஸ்டிக், உச்சிக்குப் போகப்போக மெலிந்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு இளைத்திருந்தது. சூடாக்கிய தகட்டைக் குழிந்த அச்சுக்குள் இழுத்துப் படியவைத்தால்தான் இப்படி மெலியும். உருக்கிய பிளாஸ்டிக்கை மூடிய அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்தால் தடிமன் ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதோடு, பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடத்தில் மிளகளவு தழும்பு ஒன்றும் எங்காவது இருக்கும். அந்தத் தழும்பைத் தேடினேன், இல்லை. கீறல்களும் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், உப்புத்தாளால் இழுத்தவைபோல் இருந்தன. விற்றவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் மேல் பழி போட விரும்பவில்லை. மாற்று மூடி பொருத்திய உருவம் என்ற கணக்கில் விலை பேசி வாங்கிக்கொண்டேன். உருவத்தின் உடலைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை.

அதே வரிசையில் இன்னொரு பொறியும் உண்டு. மஞ்சளேறிய அட்டையில், 3¾ அங்குல அளவில், பழைய தோற்றத்தோடு ஓர் ‘ஏலியன்’ உருவத்தைக் காட்டி ‘1979’ என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அந்த அளவில் கென்னர் மாதிரிகளைச் செய்து பார்த்ததோடு திட்டத்தைக் கைவிட்டது. அந்த உருவங்களை வெளிக்கொண்டுவந்தது சூப்பர்7 நிறுவனம், அதுவும் 2013இல். தேநீர்க்கறையால் அட்டைக்கு வயதேற்றலாம், வரலாற்றுக்கு ஏற்ற முடியாது. பாதத்தில் பொறித்த ஆண்டை நம்பலாமே என்பார்கள். அது பெரும்பாலும் பதிப்புரிமை ஆண்டு. அதே பாத்திரத்தைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி வார்த்தாலும் அதே எண் அங்கே இருக்கக்கூடும்.

மூன்றாம் மாடி:

என் கதை சிறியது, கொஞ்சம் வெட்கமானதும்கூட. ஒரு காலை இழுத்து நடக்கும் பிணம் என்று ஓர் உருவத்தை எட்டு மாதம் அலமாரியில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் அந்த நொண்டி நடையைக் காட்டிப் பெருமை பேசினேன். பிறகு நண்பர் வீட்டில் அதே உருவத்தைப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் நிமிர்ந்து நின்றது. என்னுடையதன் கணுக்கால் வெயிலில் இளகி வளைந்திருக்கிறது. பாதத்தைக் கொதி அடங்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியதும் சரியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நொண்டியாக இருந்தபோதுதான் பார்க்க நன்றாக இருந்தது.

நுண்ணாடி:

மூன்றாம் மாடி நண்பர் வேடிக்கையாகச் சொன்னதுதான், எனக்குத் தெரிந்த சோதனைகளிலேயே உறுதியானது. அச்சில் பிறந்த காயம் எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருக்கும். காலம் தந்த காயம் ஒரு பிரதியில் மட்டும் இருக்கும். ஆகவே நான் வாங்கும் முன்பு அதே உருவத்தின் வேறு மூன்று பிரதிகளின் படங்களையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாடைக் கிழிசல், விலா எலும்பு, விரல் நுனி என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன். நிறுவனம் வெளியிடும் விளம்பரப் படத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதில் இருப்பது தேர்ந்த கையால் வண்ணமிட்ட மாதிரி. நம் கைக்கு வருவது ஆலையில் ஆயிரக்கணக்கில் தீட்டப்பட்டவற்றுள் ஒன்று.

இரத்தத் தெறிப்பில் மட்டும் இந்தச் சோதனை தோற்றுவிடும். தூரிகையை உதறித் தெறிக்கவிட்ட இரத்தம் எந்த இரண்டு பிரதிகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் குறை மறைக்க நினைப்பவர்களுக்கு இரத்தம் மிகவும் உதவுகிறது. என்னிடம் வந்த கசாப்புக்காரன் உருவம் ஒன்றில், இடது முழங்கையைச் சுற்றி மட்டும் இரத்தம் தாராளமாக இருந்தது. சாதாரண விளக்கில் ஐயப்பட ஒன்றுமில்லை. அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடித்தபோது, மேலங்கியில் இருந்த இரத்தம் கறுத்துத் தெரிய, முழங்கையில் இருந்தது மங்கிய ஆரஞ்சாக ஒளிர்ந்தது. இரண்டும் வேறு வேறு பெயிண்ட் என்பதற்கு மேல் சான்று எதற்கு? ஈரப்பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். அடியில், உடைந்த மூட்டின் ஊசியை ஒட்டிய பசை வெண்மையாகப் பூத்திருந்தது.

அழுக்கைப் பொறுத்தவரை நான் பார்ப்பது அது எங்கே தங்கியிருக்கிறது என்பதை. ஆலையில் பூசும் நீர்த்த கருவண்ணம் வழிந்து பள்ளங்களில் சேரும். சுருக்கங்களுக்குள்ளும் பற்களின் இடுக்கிலும் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் வேலைப்பாடு. கை பட்டுத் தேய்ந்தது மேடுகளில் தெரியும்: மூக்கு நுனி, முழங்கால், விரல்முட்டி. அங்கே பெயிண்ட் போய் அடிப்பிளாஸ்டிக்கின் நிறம் வழவழப்பாக எட்டிப்பார்க்கும். சிற்பிகள் மேடுகளில் வெளிர்நிறத்தை உலர்தூரிகையால் தீட்டுவதும் உண்டுதான். ஆனால் தீட்டியது சொரசொரப்பாக இருக்கும், தேய்ந்தது மின்னும். பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் வெளிச்சமும் இருந்தால் இதற்குப் போதும்.

இரவுப்பறவை:

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். நான் ஏறிய மரத்தைச் சொல்கிறேன்.

இருளில் ஒளிரும் முகமும் கைகளும் கொண்ட பழைய அரக்கன் உருவம் ஒன்று, 1980 வாக்கில் வந்தது என்ற உறுதியோடு எனக்குக் கிடைத்தது. பகலில் பார்த்தபோது முகம், இரண்டு கைகள், மூன்றும் ஒரே வெளிர்பச்சை. சிறு தேய்மானமும் நம்பும்படியே இருந்தது. இரவு விளக்கின் அடியில் கொஞ்சநேரம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். மூன்றும் ஒளிர்ந்தன. திருப்தியோடு படுத்தேன். நள்ளிரவுக்கு மேல் தண்ணீர் குடிக்க எழுந்தவன், அலமாரியில் ஒரே ஒரு கை மட்டும் அந்தரத்தில் பச்சையாக மிதப்பதைக் கண்டு, செம்பைக் கீழே போட்டேன். இத்தனை ஆண்டுகளாகத் திகில் உருவங்களைச் சேர்ப்பவன் ஒரு பொம்மையைக் கண்டு அலறியதை என் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

காலையில்தான் மூளை வேலை செய்தது. பழைய ஒளிரும் பொம்மைகளில் இருப்பது துத்தநாக சல்ஃபைடு. அது வெளிச்சத்தை உண்டு சில நிமிடங்களில் மங்கத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அணைந்துவிடும். மணிக்கணக்கில் ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகைப் பொருள் 1990களில்தான் புழக்கத்துக்கு வந்தது. முகமும் இடக்கையும் தம் வயதுக்கேற்ப அணைந்துவிட்டன. வலக்கை விடியும்வரை ஒளிர்ந்தது. அது பிற்காலத்தில் வார்த்து மாட்டப்பட்ட கை. வாங்கும் இடத்திலேயே இருட்டறையில் ஒரு மணி நேரம் காத்திருக்க யாரும் விடமாட்டார்கள் என்றாலும், பத்து நிமிடம் மூடிய பைக்குள் வைத்து ஒளியின் அளவை ஒப்பிட்டால்கூட வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அதன்பின் இரண்டு உருவங்களில் செய்து பார்த்துவிட்டேன்.

புதுவரவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தரச்சான்று பெற்று, அக்ரிலிக் பேழையில் அடைத்து வரும் உருவத்தை வாங்கினால் இந்தத் தொல்லைகள் எல்லாம் இல்லையே?

பழம்பெட்டி:

சிலது இல்லை, சிலது இருக்கிறது. ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி போன்ற அமைப்புகள் நூற்றுக்குத் தரும் எண்ணானது அட்டை, பிளிஸ்டர் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குமிழ், உருவம் ஆகியவை தரம் பார்த்த அன்று இருந்த நிலையைச் சொல்கிறது; பிளிஸ்டர் மஞ்சளித்திருந்தால் எண்ணுக்கு முன் ‘ஒய்’ என்ற எழுத்தும் சேரும். பிற்பாடு பேழைக்குள் நடப்பதை அந்த எண் அறியாது. அலமாரிக் காவலன் அவர்களின் பிணம் அப்படி ஒரு பேழைக்குள் இருந்திருந்தால், அவர் இன்னும் அந்த ஈரத்தை மெச்சிக்கொண்டுதான் இருப்பார். போலியிலிருந்து காப்பு வேண்டுமானால் சான்று நல்லது. மூட்டு அசைகிறதா, பிசுக்கு உள்ளதா என்று அறியக் கைதான் வேண்டும்.

நுண்ணாடி:

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கையை நம்பிப் பெட்டியை உடைத்தபின் உருவம் நன்றாகவே இருந்தால், இழந்த மதிப்பை யார் தருவது? மூடிய பெட்டியிலும் பார்க்க வேண்டியவை உள்ளன. உருவம் அழுந்தியிருக்கும் தட்டில் புகைமூட்டம்போல் மங்கல் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அட்டையில் உடலின் வடிவத்தில் எண்ணெய்த் திட்டு இருந்தாலும் அப்படியே. பெட்டியைச் சாய்த்தால் துணைப்பொருட்கள் சிறிதாவது ஆடவேண்டும். கத்தி தட்டோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அலமாரிக் காவலன்:

எல்லோருக்கும் நன்றி. நுண்ணாடி அவர்கள் சொன்னதைப் படித்ததும், தூக்கிப்போடாமல் வைத்திருந்த பெட்டித் தட்டை எடுத்துப் பார்த்தேன். முதுகும் பிட்டமும் அழுந்திய இடங்களில், கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் இரண்டு மங்கல்கள். வாங்கும்போதே சன்னல் வழியாகத் தெரிந்திருக்கும். நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உருவத்தை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டுகள் விட்டு, மென்மையான பல்துலக்கியால் இரண்டு முறை கழுவினேன். ஆல்கஹாலோ நகப்பூச்சு நீக்கியோ தொடவில்லை. அவை பிசுக்கோடு பெயிண்டையும் கொண்டுபோய்விடும். கழுவி உலர்ந்ததும் தெரிந்தது, அழுகிய தோலின் உண்மையான நிறம் மினுக்கமே இல்லாத சாம்பல். சிற்பி ஈரத்தை நினைக்கவே இல்லை. அவர் செய்தது காய்ந்த பிணம், அது இன்னும் கொடூரமாக இருக்கிறது.

இப்போது அதைத் திறந்த அலமாரியில், வெயில் படாத மூலையில், வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தியிருக்கிறேன். வாரம் ஒரு தாள் மாற்றுகிறேன். முதல் தாளில் இரண்டு பாதங்களும் ஐந்து விரல்களோடு எண்ணெயில் பதிந்திருந்தன. இரண்டாவதில் குதிகால்கள் மட்டும். மூன்றாவது தாளை ஞாயிற்றுக்கிழமை எடுக்கவேண்டும்.