மறு: டிப்ளீஷன் கில்டிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கலப்புத் தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து மற்ற உலோகத்தை நீக்கி, அங்கே தங்கத்தை மிஞ்சவைக்கும் வேலைதான் டிப்ளீஷன் கில்டிங். அதற்கு இங்கே வந்த 'வெள்ளிநீக்க முலாம்' என்ற பரிந்துரையில் பாதி சரி, ஆனால் 'முலாம்' உறுத்துகிறது. முலாம் என்றால் இன்னொரு உலோகத்தை மேலே பூசுவது. இந்த வேலையில் பூச எதுவுமே இல்லை. தங்கமும் வெள்ளியும் கலந்த தகட்டில் உப்பு சேர்ந்த பசையைத் தடவிச் சூடாக்கினால், மேற்பரப்பில் இருக்கும் வெள்ளி குளோரைடாகிக் கழன்றுவிடும், தங்கம் மிஞ்சும், அவ்வளவுதான். முலாம் என்று எழுதினால் படிப்பவர் இதைப் பாதரச முலாமோடு குழப்பிக்கொள்வார். அது பாதரசத்தில் கலந்த தங்கத்தைப் பூசிச் சூடேற்றும் முறை, பாதரசத்தின் மிச்சமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஒரு வயலில் கிடைத்தது, ஏறத்தாழ 4 கிலோ தங்கம், பெரும்பாலும் வாள்பிடிகளிலிருந்து பிய்த்தெடுத்த அணிவேலைகள், 6, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின் மேற்பரப்பை அளந்தால் ஒரு மாற்று (தங்கத்தின் தரம்), கொஞ்சம் சுரண்டி உள்ளே அளந்தால் வேறு மாற்று. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தாலும் வெள்ளியும் செம்பும் ஓரளவு அரித்துப் போகும்தான், ஆனால் பல துண்டுகளில் இது பொற்கொல்லர்கள் தெரிந்தே செய்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அடித்தகடு நல்ல மஞ்சளாகவும் அதன்மேல் பற்றவைத்த கம்பிவேலை வெளிறியும் இருந்தால் கம்பி எடுப்பாகத் தெரியும் இல்லையா, அதற்காகவே தகட்டுக்கு இந்தப் பக்குவம் செய்திருக்கிறார்கள் என்கிறார்கள். என்ன ஒரு கைத்தேர்ச்சி!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட மெரோவிங்கிய அரச மரபின் காலத்துப் பொற்காசுகளின் மாற்று 7-ஆம் நூற்றாண்டில் இறங்கிக்கொண்டே போனது. அந்தக் காசுகளை உருக்கித்தான் நகை செய்திருப்பார்கள் என்ற ஊகத்தில், நகையின் மாற்றைக் காசின் மாற்றோடு ஒப்பிட்டு அதன் காலத்தைக் கணிக்கும் முயற்சி 1960களிலேயே நடந்தது. ஆனால் மாற்றை அளக்க உதவும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஆய்வு தங்கத்தில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்தைத்தான் பார்க்கும். மேல்தோல் மட்டும் உயர்ந்த மாற்றாக இருந்தால், நகை உண்மையான காலத்தைவிடப் பழையதாகத் தோன்றும். அடர்த்தியை வைத்து அளந்தால் முழுப்பொருளின் சராசரி கிடைக்கும், ஆனால் கல் பதித்த நகைக்கு அது உதவாது.

அதனால் என் பரிந்துரை 'மேல்மாற்று'. மாற்று என்ற சொல் தங்கத்தின் தரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே புழங்குவது, 'மாற்றுக் குறையாத தங்கம்' என்றால் எல்லோருக்கும் புரியும். கைவினைஞர் வேண்டுமென்றே செய்வதை 'மேல்மாற்று ஏற்றல்' என்றும், மண்ணில் கிடந்து தானாக நேர்வதை 'மேல்மாற்று ஏறல்' என்றும் வைக்கலாம். தன்வினை, பிறவினை வேறுபாடு தமிழில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது அதை விடுவானேன்? ஆய்வறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும், ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் அறிக்கையின் முக்கியமான வாதமே கலைந்துபோகும். 'மேற்பரப்புச் செறிவூட்டல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் எது செறிகிறது என்று அதில் தெரியவில்லை, நீளமும் அதிகம்.

'வெள்ளிநீக்க' என்பதையும் விட்டுவிடலாம் என்பேன். கொலம்பஸுக்கு முந்தைய தென் அமெரிக்காவில் தங்கமும் செம்பும் கலந்த தும்பாகாவிலும் இதே வேலையைச் செய்தார்கள், அங்கே மேற்பரப்பிலிருந்து போனது முக்கியமாகச் செம்பு. மேல்மாற்று ஏற்றல் என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம், 'பாட்டர்ன் வெல்டிங்' என்பதற்கான தமிழ்ச் சொல் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைகுழியில் கிடைத்த வாளின் எக்ஸ்ரே படத்தில் தெரிகிறதே, இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்துக் காய்ச்சி அடித்த அந்த வேலைப்பாடு, அதற்குக் கொல்லுப்பட்டறையில் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், புதிதாக ஒன்றை உருவாக்கும் முன் அதைப் பார்த்துவிடலாம்.